‘டிஸ்டிங்க்விஷ்’: ஃப்ரமா, பிட்வீனா? வாசகர் கேள்வி பதில்

இரண்டு பொருள்களைப் பிரித்தறிவதைச் சொல்ல ஆங்கிலத்தில் அதிகம் கைகொடுக்கும் வினைச்சொல் ‘டிஸ்டிங்க்விஷ்’. பள்ளி வினாத்தாள், அலுவலகக் கடிதம், நீதிமன்றத் தீர்ப்பு என்று எங்கும் வருகிறது. அதே அளவுக்குத் தவறாகவும் எழுதப்படுகிறது. இந்தச் சொல் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் ஆங்கிலப் பகுதி ஆசிரியர்களின் பதில்கள் இங்கே.

கேள்வி: ‘டிஸ்டிங்க்விஷ்’ வந்தால் ‘ஃப்ரம்’ போட வேண்டுமா, ‘பிட்வீன்’ போட வேண்டுமா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. நான் எதைப் போட்டாலும் அலுவலகத்தில் திருத்தி அனுப்புகிறார்கள்.

பதில்: இரண்டும் சரி. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்துவிடுவதுதான் தவறு. உங்கள் வாக்கியங்களும் அதனால்தான் திரும்பி வருகின்றன என்று நினைக்கிறோம்.

முதல் அமைப்பு: ‘டிஸ்டிங்க்விஷ் காப்பர் ஃப்ரம் பிராஸ்’. இரண்டாவது: ‘டிஸ்டிங்க்விஷ் பிட்வீன் காப்பர் அண்ட் பிராஸ்’. தமிழிலும் இதே இரண்டு வழிகள் நமக்கு உண்டு. ‘பித்தளையிலிருந்து செம்பைப் பிரித்தறி’ என்போம்; ‘செம்புக்கும் பித்தளைக்கும் இடையே வேறுபாடு காண்’ என்றும் சொல்வோம். ‘இலிருந்து’ வரும் இடத்தில் ‘ஃப்ரம்’, ‘க்கும்… க்கும் இடையே’ வரும் இடத்தில் ‘பிட்வீன்… அண்ட்’. இந்தப் பொருத்தம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ‘பிட்வீன் காப்பர் ஃப்ரம் பிராஸ்’ என்று எழுதுபவர் ஒரு தடத்தில் தொடங்கி நடுவில் அடுத்த தடத்துக்குத் தாவிவிடுகிறார். ‘பிட்வீன் காப்பர் டு பிராஸ்’ என்பது முழுக்கத் தமிழ் வழியாக வரும் பிழை; ‘பித்தளைக்கும்’ என்ற நான்காம் வேற்றுமையைக் கேட்டதும் ‘டு’ தானாகக் கைக்கு வந்துவிடுகிறது. ‘காப்பர் வித் பிராஸ்’ என்று எழுதுவது ‘கம்பேர்’, ‘கன்ஃப்யூஸ்’ ஆகிய வினைகளின் பழக்கம். அந்த இரண்டுக்கும் ‘வித்’ பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ‘பிட்வீன் காப்பர் அண்ட் பிட்வீன் பிராஸ்’ என்று ‘பிட்வீனை’ இரட்டிப்பதும் கூடாது. ‘க்கும்’ தமிழில் இரண்டு முறை வரும். ‘பிட்வீன்’ ஒரு முறைதான்.

வாக்கியம் குட்டையாக இருந்தால் இந்தப் பிழை அரிது. முதல் பொருளுக்கும் இரண்டாவது பொருளுக்கும் நடுவே எட்டுப் பத்துச் சொற்கள் சேரும்போதுதான் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகிறது. அலுவலகக் கடிதங்களில் அது சகஜம். எனவே முதலில் எலும்புக்கூட்டை மட்டும் எழுதுங்கள்: ‘வீ மஸ்ட் டிஸ்டிங்க்விஷ் பிட்வீன் ஃபீஸ் அண்ட் ஃபைன்ஸ்’. பிறகு ‘ஃபீஸ்’ பக்கம் ‘பெய்ட் இன் அட்வான்ஸ்’ சேருங்கள், ‘ஃபைன்ஸ்’ பக்கம் ‘சார்ஜ்ட் ஃபார் டிலே’ சேருங்கள். ‘பிட்வீனும்’ ‘அண்டும்’ முதலிலேயே இடம் பிடித்துவிட்டதால் பிறகு எதைச் சேர்த்தாலும் அமைப்பு கலையாது.

பொருளில் வேறுபாடு உண்டா என்றால், நுட்பமான ஒன்று உண்டு. ‘பிட்வீன்’ இரண்டையும் சமமாக வைக்கிறது. ‘ஃப்ரம்’ போட்டால் முதலில் வரும் பொருள் முன்னுக்கு நிற்கும். அதை மற்றதிலிருந்து தனியே எடுத்துக் காட்டுகிறோம். கள்ள நோட்டு கலந்த கட்டில் நல்ல நோட்டைத் தேடுகிறீர்கள் என்றால் ‘டிஸ்டிங்க்விஷ் ஜென்யுவின் நோட்ஸ் ஃப்ரம் ஃபேக் ஒன்ஸ்’. ‘டிஸ்டிங்க்விஷ் ரைட் ஃப்ரம் ராங்’ என்பது வழக்கில் உறைந்துவிட்ட தொடர். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

‘டிஸ்டிங்க்விஷ் காப்பர் அண்ட் பிராஸ்’ என்று இரண்டும் இல்லாமல் எழுதுவதையும் பார்த்திருப்பீர்கள். அது பிழையன்று. ஆனால் கற்கும் கட்டத்தில் முதல் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: ‘டாக்டர்ஸ் டிஸ்டிங்க்விஷ் தி சிம்ப்டம்ஸ் ஆஃப் எ கோல்ட் ஃப்ரம் ஃப்ளூ’ என்று கட்டுரையில் எழுதினேன். ‘ஃப்ரம்’ போட்டும் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார். என்ன தவறு?

பதில்: ‘ஃப்ரம்’ சரிதான். அதன் இரு பக்கமும் நிற்பவைதான் ஒரே இனமாக இல்லை. இடப்பக்கம் சளியின் அறிகுறிகள், வலப்பக்கம் ஃப்ளூ என்ற நோய். அறிகுறியை அறிகுறியிலிருந்து பிரிக்கலாம், நோயை நோயிலிருந்து பிரிக்கலாம். அறிகுறியை நோயிலிருந்து பிரிப்பது நீங்கள் சொல்ல வந்தது அன்று.

இரண்டு வழிகளில் சரிசெய்யலாம். ‘தி சிம்ப்டம்ஸ் ஆஃப் எ கோல்ட் ஃப்ரம் தோஸ் ஆஃப் ஃப்ளூ’ என்று ‘தோஸ் ஆஃப்’ சேர்ப்பது ஒன்று. ஒருமையாக இருந்தால் ‘தட் ஆஃப்’ வரும்: ‘தி கால் ஆஃப் எ க்ரோ ஃப்ரம் தட் ஆஃப் எ ரேவன்’. அறிகுறிகளை எடுத்துவிட்டு ‘டிஸ்டிங்க்விஷ் எ கோல்ட் ஃப்ரம் ஃப்ளூ பை இட்ஸ் சிம்ப்டம்ஸ்’ என்று மாற்றுவது மற்றொன்று. எதை வைத்துப் பிரிக்கிறோமோ அதற்கு ‘பை’. எங்களுக்குப் பிடித்தது இரண்டாவது வழி. வாக்கியம் இலகுவாக ஓடுகிறது.

தமிழிலும் ‘காகத்தின் குரலை அண்டங்காக்கையிலிருந்து பிரித்தறிந்தான்’ என்று எழுதிவிடுகிறோம். பேச்சில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆங்கிலக் கட்டுரையில் இது கண்ணில் உறுத்தும் பிழை. உங்கள் ஆசிரியர் கவனமானவர்.

கேள்வி: பேச்சில் ‘டிஸ்டிங்க்விஷ்’ என்றால் கொஞ்சம் புத்தக வாடை அடிக்கிறதே? சாதாரணமாகப் பேசும்போது என்ன சொல்வார்கள்?

பதில்: ‘டெல்’. ‘சொல்’ என்ற பொருளில் நமக்குத் தெரிந்த அதே வினைச்சொல்தான். ‘கேன்’ அல்லது ‘குட்’ முன்னால் வந்தால் பெரும்பாலும் பிரித்தறிதல் என்ற பொருள் அதற்கு வந்துவிடும். ‘ஐ கான்ட் டெல் தி ட்வின்ஸ் அபார்ட்’ என்றால் இரட்டையரில் யார் எவர் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது சொற்களின் வரிசை. பிரித்தறியப்படுபவை ‘டெல்’லுக்கும் ‘அபார்ட்’டுக்கும் நடுவே உட்கார வேண்டும்: ‘டெல் தெம் அபார்ட்’. ‘டெல் அபார்ட் தெம்’ என்று சொல்லவே கூடாது. ‘டெல் அபார்ட் பிட்வீன்’ என்பதும் இல்லை; ‘அபார்ட்’ இருந்தால் ‘பிட்வீன்’ வேண்டாம். இரண்டின் பெயரையும் தனித்தனியே சொல்ல விரும்பினால் ‘டெல் சால்ட் ஃப்ரம் ஷுகர்’. ‘டிஃபரன்ஸ்’ சேர்த்தால் மட்டும் ‘பிட்வீன்’ வரும்: ‘டெல் தி டிஃபரன்ஸ் பிட்வீன் சால்ட் அண்ட் ஷுகர்’.

இன்னோர் இடத்தில் ‘டெல்’ மிகவும் உதவும். ‘அது நிஜமா போலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை’ என்பதற்குப் பலர் ‘ஐ குடின்ட் டிஸ்டிங்க்விஷ் வெதர் இட் வாஸ் ரியல்’ என்று எழுதுகிறார்கள். ‘வெதர்’ இந்த வினையோடு இயல்பாக ஒட்டாது. ‘ஐ குடின்ட் டெல் வெதர் இட் வாஸ் ரியல்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ‘டிஸ்டிங்க்விஷ் பிட்வீன்’ என்று தொடங்கும் கேள்விகளுக்குப் பக்கம் நிறைய எழுதுகிறாள். ஆனாலும் மதிப்பெண் பாதிதான் வருகிறது. பாடம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பதில்: பாடம் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இப்படி நடக்கிறது, தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறார்கள். ‘டிஃபைன்’ என்றால் வரையறை கேட்கிறார்கள். ‘டிஸ்க்ரைப்’ என்றால் விவரிக்கச் சொல்கிறார்கள். ‘டிஸ்டிங்க்விஷ் பிட்வீன்’ என்றால் வேறுபாடுகள் மட்டும். ‘கம்பேர்’ என்று கேட்டால் ஒற்றுமைகளுக்கும் இடம் உண்டு, இதில் இல்லை.

வேகம், திசைவேகம் இரண்டையும் வேறுபடுத்தச் சொல்லும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் வேகத்தின் வரையறை, ‘மீட்டர் பர் செகண்ட்’ என்ற அலகு, ஓர் உதாரணம். வலப்பக்கம் திசைவேகத்தின் வரையறை, அதே அலகு, இன்னோர் உதாரணம். இப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். இதில் வேறுபாடு என்று சொல்ல வரையறை ஒன்றுதான் இருக்கிறது. அலகு இரண்டுக்கும் ஒன்றே, ஆகவே அந்த வரிக்கு மதிப்பெண் கிடைக்க வழியில்லை. உதாரணங்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக நிற்கின்றன.

மகளை முதலில் ஒப்பிடும் அடிப்படையை எழுதச் சொல்லுங்கள். தாளின் இடது ஓரத்தில் ஒவ்வொன்றாக: எதன் மாறுவீதம்? திசை உண்டா? எதிர்க்குறி வருமா? சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நின்றால் என்ன ஆகும்? பிறகு ஒவ்வோர் அடிப்படைக்கும் இரண்டு பக்கமும் நிரப்ப வேண்டும். வேகம் கடந்த தொலைவின் மாறுவீதம், திசைவேகம் இடப்பெயர்ச்சியின் மாறுவீதம். வேகத்துக்கு அளவு மட்டும், திசைவேகத்துக்கு அளவும் திசையும். வேகம் எதிர்க்குறி ஆகாது, ஒரே கோட்டில் செல்லும் பொருளின் திசைவேகம் எதிர்த்திசையில் எதிர்க்குறி ஆகும். 400 மீட்டர் வட்டப் பாதையை 80 விநாடியில் ஒரு முறை சுற்றி அதே இடத்துக்கு வந்தவரின் சராசரி வேகம் விநாடிக்கு 5 மீட்டர். சராசரி திசைவேகம் பூஜ்யம். கடைசியில் சொன்ன உதாரணம் ஒன்றுதான், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் அதுவே விடை தருகிறது. உதாரணம் இப்படி அமைந்தால் திருத்துபவருக்கு ஐயமே இருக்காது.

ஒரு பக்கம் எழுத ஒன்றும் இல்லாமல் காலியாக நின்றால் அந்த அடிப்படையையே விட்டுவிட வேண்டும். அங்கே ‘இல்லை’ என்று எழுதலாமா என்று கேட்கலாம். உண்மையிலேயே அந்தப் பண்பு மற்றதில் இல்லை என்றால் எழுதலாம், அதுவும் வேறுபாடுதான். தெரியாததை மறைப்பதற்காக எழுதக் கூடாது.

பத்தியாக எழுதச் சொல்லும் பாடங்களில் ‘வேர்ஆஸ்’ அல்லது ‘வைல்’ போட்டு இரு பக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் இணைக்க வேண்டும். ஒரு பத்தி முழுவதும் வேகம், அடுத்த பத்தி முழுவதும் திசைவேகம் என்று எழுதினால், ஒப்பிடும் வேலை திருத்துபவர் தலையில் விழுகிறது.

கேள்வி: ‘டிஃபரன்ஷியேட்’, ‘டிஸ்க்ரிமினேட்’, ‘ஐடென்டிஃபை’ எல்லாம் இதற்குப் பதிலாக எழுதலாமா?

பதில்: ‘டிஃபரன்ஷியேட்’ பெரும்பாலான இடங்களில் ஆகும், ‘ஃப்ரம்’, ‘பிட்வீன்’ விதியும் அதேதான். ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுகொள்வதோடு, வித்தியாசத்தை உண்டாக்குவதற்கும் ‘டிஃபரன்ஷியேட்’ நன்றாகப் பொருந்தும். ஒரு நிறுவனம் தன் பொருளைப் போட்டிப் பொருள்களிலிருந்து மாறுபட்டதாக அமைத்தால் அங்கே இந்தச் சொல் வரும். கணிதத்தில் வகையிடுதலுக்கும், உயிரியலில் குருத்தணுக்கள் குறிப்பிட்ட வகை அணுக்களாக மாறுவதற்கும் இதுவே சொல். அந்த இரண்டு இடங்களிலும் ‘டிஸ்டிங்க்விஷ்’ போட முடியாது.

‘டிஸ்க்ரிமினேட்’ விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பிரித்தறிதல் என்ற பொருள் அதற்கும் உண்டு. அறிவியல் கட்டுரைகளில் நிறங்களை, ஒலிகளைப் பிரித்தறிவதற்கு வரும். மனிதர்களைப் பற்றிய பேச்சில் வந்தாலோ, பாரபட்சம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘தி டீச்சர் டிஸ்க்ரிமினேட்ஸ் பிட்வீன் பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’ என்று பாராட்டாக எழுதினால் அது புகாராகப் போய்ச் சேரும்.

‘ஐடென்டிஃபை’ ஒன்றை இன்னதென்று அடையாளம் காண்பது. அதற்கு இரண்டு பொருள்கள் தேவையில்லை. ‘ஐடென்டிஃபை தி ஒரிஜினல் ஃப்ரம் தி டூப்ளிகேட்’ என்று எழுதுவதைத் தவிருங்கள். அங்கே வேண்டியது ‘டிஸ்டிங்க்விஷ்’ அல்லது ‘டெல்’.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறோம்: ‘டிஸெர்ன்’. எளிதில் புலப்படாத ஒன்றைக் கூர்ந்து உணர்வது. ‘டிஸ்டிங்க்விஷ்’ சொல்லுக்கும் இதே போன்ற ஒரு பயன்பாடு உண்டு. இரைச்சலில் பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை என்றால் ‘ஐ குட் நாட் டிஸ்டிங்க்விஷ் தி வேர்ட்ஸ்’ எனலாம். அங்கே இரண்டாவது பொருள், ‘ஃப்ரம்’, ‘பிட்வீன்’ எதுவும் வேண்டாம்.

கேள்வி: மூன்று பொருள்கள் இருந்தால் ‘பிட்வீன்’ போடக் கூடாது, ‘அமங்’தான் போட வேண்டும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: கட்டாயமில்லை. மூன்று, நான்கு பொருள்களைத் தனித்தனியே பெயர் சொல்லி ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கும்போது ‘பிட்வீன்’ சரியே: ‘டிஸ்டிங்க்விஷ் பிட்வீன் காப்பர், பிராஸ் அண்ட் பிரான்ஸ்’. ‘அமங்’ எழுதினாலும் ஏற்பார்கள்.

கேள்வி: விருந்தினரை அறிமுகப்படுத்தும்போது ‘டிஸ்டிங்க்விஷ்டு கெஸ்ட்’ என்கிறார்கள். ‘டிஸ்டிங்க்ட்’, ‘டிஸ்டிங்க்டிவ்’ என்றும் வருகிறது. எல்லாம் ஒரே குடும்பமா?

பதில்: ஒரே குடும்பம்தான், லத்தீன் வேரும் ஒன்றே. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது வராது.

‘டிஸ்டிங்க்விஷ்டு’ பெயரடையாக வந்தால் சிறப்பு வாய்ந்த, மதிப்புக்குரிய என்று பொருள். அதே வடிவம் செயப்பாட்டு வினையாகவும் வரும்: ‘தி மேல் இஸ் டிஸ்டிங்க்விஷ்டு ஃப்ரம் தி ஃபீமேல் பை இட்ஸ் லாங் டெயில்’. ‘பை’, ‘ஃப்ரம்’ தொடர்ந்தால் பிரித்தறிதல் என்று கொள்ளலாம்.

‘டிஸ்டிங்க்ட்’ என்றால் தனியான, அல்லது தெளிவான. ‘த்ரீ டிஸ்டிங்க்ட் க்ரூப்ஸ்’ என்றால் ஒன்றோடொன்று கலக்காத மூன்று குழுக்கள். ‘டிஸ்டிங்க்டிவ்’ என்றால் தனக்கே உரிய, அதை வைத்தே அடையாளம் காணத்தக்க. பெட்ரோலின் வாசனை ‘டிஸ்டிங்க்டிவ்’. வேறு எதுவோ என்று நினைக்க வாய்ப்பில்லை. அதையே ‘டிஸ்டிங்க்ட் ஸ்மெல்’ என்றால் வாசனை நன்றாகத் தெரிகிறது என்பதோடு நின்றுவிடும்.

எதிர்ச்சொற்களில்தான் பெரிய பள்ளம். ‘இன்டிஸ்டிங்க்விஷபிள்’ என்றால் பிரித்தறிய முடியாத. அதன் பின்னால் ‘ஃப்ரம்’ வரும். ‘அன்டிஸ்டிங்க்விஷ்டு’ என்றால் சிறப்பு ஒன்றும் இல்லாத, சுமாரான. நகல் அசல் போலவே இருக்கிறது என்று சொல்ல நினைத்து ‘அன்டிஸ்டிங்க்விஷ்டு’ என்று எழுதினால் நகலைக் குறை சொன்னதாகிவிடும்.

பெயர்ச்சொல் ‘டிஸ்டிங்க்ஷன்’. இதற்கு ‘மேக்’ அல்லது ‘ட்ரா’ என்ற வினையைச் சேர்ப்பார்கள்: ‘ட்ரா எ டிஸ்டிங்க்ஷன் பிட்வீன்’. தேர்வில் உயர்ந்த தேர்ச்சி பெற்றதை ‘ஷீ டிஸ்டிங்க்விஷ்டு இன் தி எக்ஸாம்’ என்று எழுதக் கூடாது. ‘ஷீ பாஸ்டு வித் டிஸ்டிங்க்ஷன்’ என்க. வினையாகவே வேண்டுமென்றால் ‘ஹெர்செல்ஃப்’ தேவை: ‘ஷீ டிஸ்டிங்க்விஷ்டு ஹெர்செல்ஃப் ஆஸ் எ சர்ஜன்’.

கேள்வி: உச்சரிப்பிலும் எழுத்திலும் எப்போதும் தடுமாறுகிறேன். ‘எக்ஸ்டிங்க்விஷ்’ வேறு வந்து குழப்புகிறது.

பதில்: அழுத்தம் இரண்டாவது அசையில்: டிஸ்-டிங்க்-விஷ். எழுதும்போது பலர் ‘ஜி’க்குப் பின் வரும் ‘யூ’வை விட்டுவிடுகிறார்கள். ‘வி’ ஒலியைத் தருவதே அந்த ‘யூ’தான், ‘லேங்க்வேஜ்’, ‘பெங்குவின்’ சொற்களிலும் அதே ‘ஜி-யூ’ இணை இருக்கிறது. முடிவு ‘ஜி, யூ, ஐ, எஸ், எச்’ என்று ஐந்து எழுத்து. ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’ வந்தால் ‘இ-எஸ்’ சேர்ந்து ஓர் அசை கூடும்: டிஸ்டிங்க்விஷஸ். இறந்தகாலத்தில் அசை கூடாது. கடைசியில் ‘ட்’ ஒலி மெல்ல ஒட்டும், அவ்வளவுதான்.

தமிழர் நாவுக்கென்று ஒரு சிக்கல் இங்கே உண்டு. ‘ங்’ முன்னால் வந்தால் ‘க’வை ‘சங்கு’ என்பதில் போல மென்மையாக ஒலிப்பது நம் இயல்பு. ‘டிஸ்டிங்க்விஷ்’ சொல்லுக்கு அது அப்படியே பொருந்தும். ‘டிஸ்டிங்க்ட்’, ‘டிஸ்டிங்க்ஷன்’ ஆகியவற்றில் ‘பக்கம்’ என்பதில் வரும் வல்லின ஒலி வேண்டும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவதால் இந்த வேறுபாட்டைக் காதால்தான் பழக வேண்டும்.

‘எக்ஸ்டிங்க்விஷ்’ என்றால் அணைத்தல். சுவரில் தொங்கும் தீயணைப்பானின் பெயரே ‘ஃபயர் எக்ஸ்டிங்க்விஷர்’ என்பதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

கேள்வி: ‘ஐ ஆம் நாட் டிஸ்டிங்க்விஷிங் தி டூ கலர்ஸ்’ சரியா?

பதில்: கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்ற பொருளில் தவறு. பார்த்தல், கேட்டல் போன்ற புலனறிவைச் சொல்லும்போது ‘கேன்’ வரும்: ‘ஐ கேனாட் டிஸ்டிங்க்விஷ் தி டூ கலர்ஸ்’. ஆனால் வாதத்தில் இரண்டு கருத்துகளை வேண்டுமென்றே பிரித்துக் காட்டுகிறோம் என்றால் அது ஒரு செயல். அப்போது ‘ஐ ஆம் டிஸ்டிங்க்விஷிங் பிட்வீன் காஸ் அண்ட் எக்ஸ்க்யூஸ்’ என்று தொடர்வினையாக எழுதலாம்.

கேள்வி: தீர்ப்பு ஒன்றில் ‘தி கேஸ் இஸ் டிஸ்டிங்க்விஷபிள் ஆன் ஃபேக்ட்ஸ்’ என்று இருந்தது. எதிலிருந்து எதைப் பிரிக்கிறார்கள்?

பதில்: ஒரு தரப்பு காட்டிய பழைய தீர்ப்பை, இப்போது நடக்கும் வழக்கிலிருந்து பிரிக்கிறார்கள். அந்த வழக்கின் முக்கியமான நிகழ்வுகள் வேறு, இந்த வழக்கின் நிகழ்வுகள் வேறு. ஆகவே அந்த முன்தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்று பொருள். பழைய தீர்ப்பு தவறு என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை மாற்றிவிட்டார்கள் என்றால் சொல் ‘ஓவர்ரூல்டு’ என்று இருக்கும். ‘டிஸ்டிங்க்விஷ்’ செய்யப்பட்ட தீர்ப்பு தன் இடத்தில் அப்படியே செல்லுபடியாகும்.